குடைக்கம்பியில் நில்லாத சீட்டு

எங்கள் ஆஸ்பத்திரி ஆபீசில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் வாரமே என்னிடம் வந்து, "அந்தக் கம்பி வேலையைக் காட்டித் தாங்க அக்கா" என்று கேட்பார்கள். காட்டுவேன். ஒரு கட்டுச் சீட்டில் கம்பியைச் செருகித் தூக்கி உலுப்பினால், வேண்டிய சீட்டுகள் மட்டும் பொலபொலவென்று மேசையில் விழும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்றும் எனக்கு உற்சாகம் பொங்கும். அதே சத்தம்தான் என்னை ஒரு வெள்ளிக்கிழமைக்கும் இழுத்துக்கொண்டுபோகும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் வேலை பாதிதான் விளங்கும். அதனால் இரண்டையும் எழுதிவைக்கிறேன்.

1. தரையில் கூறு போட்ட காலம்

நாகர்கோவிலுக்கு வெளியே, வயலைப் பார்த்த கட்டடத்தில் ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய ஆஸ்பத்திரி. குழந்தை வைத்தியத்தில் அவருக்கு நல்ல பெயர். கடியப்பட்டணத்திலிருந்தும் அருமனையிலிருந்தும்கூட ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போர்டிங் பள்ளியில் படித்து முடித்த நான் அங்கே ரிக்கார்டு கிளார்க்காகச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் தங்கையா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தோம்.

நோயாளி ஒருவர் வந்தால் கவுண்டரில் ஒரு ஓ.பி. சீட்டு எழுதுவார்கள். பெயர், வயது, ஊர், நோய், கொடுத்த மருந்து. சீட்டு கடைசியில் எங்கள் அறைக்கு வரும். மாதம் முடிந்ததும் திருவிதாங்கூர் சர்க்காருக்கு, திருவனந்தபுரத்துக்கு, ரிட்டர்ன் என்கிற மாதக் கணக்கு அனுப்ப வேண்டும். எந்த நோயில் எத்தனை பேர், எந்த வயதில் எத்தனை, எந்தப் பக்கத்தில் எத்தனை என்று கேட்பார்கள். சீட்டுகளைத் தரையில் பரப்பி நோய்வாரியாகக் கூறு போட்டு எண்ணுவோம். பிறகு அதையெல்லாம் கலைத்து வயதுவாரியாக. மறுபடி கலைத்து ஊர்வாரியாக. முதுகு விட்டுப்போகும்.

ஆடி மாதத்தில் இன்னும் கொடுமை. ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாய்கிற காற்றுக்கு ஜன்னலைத் திறக்க முடியாது. யாராவது கதவைத் திறந்தால் மலேரியாவும் சிரங்கும் வயிற்றுப்போக்கும் ஒன்றாகப் பறந்து மூலையில் சேரும். முதலிலிருந்து தொடங்குவோம்.

ஹெட் கிளார்க் ஏசுவடியான் சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டைக் கூறில் போடும்போது பெயரை உரக்க வாசித்துத்தான் போடுவார். "பொன்னம்மை, முப்பது வயசு, காய்ச்சல்." எனக்கு எண்ணிக்கை தவறிவிடும்.

"சார், மனசுக்குள்ள வாசிக்கப்பிடாதா?"

"மனசுக்குள்ள வாசிச்சா எனக்கு உறக்கம் வரும் சாராளம்மா. நான் உறங்கினா நீங்க டாக்டருக்கிட்ட சொல்லிக்குடுப்பிய."

ஒருநாள் டாக்டர் அறைக்குள் வந்து, வயிற்றுப்போக்கு வந்த சின்னப் பிள்ளைகள் எந்தப் பக்கத்திலிருந்து அதிகமாக வருகிறார்கள் என்று கேட்டார்.

"நாளைக் கழிச்சுச் சொல்லலாம் சார்" என்றார் ஏசுவடியான் சார்.

"நாளைக் கழிச்சு அந்தப் பிள்ளைகளுக்கு சொகமாயிருக்கும். இல்லேன்னா அடக்கம் பண்ணியிருப்பாங்க. எனக்கு இப்ப தெரியணும்" என்றார் டாக்டர்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

2. லேஸ் அட்டை

போர்டிங்கில் எங்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பஞ்சுத் தலையணையின் மேல் ஓர் அட்டை. அதில் மாதிரிக்குத் தக்கபடி ஊசித் துளைகள். துளைகளில் குண்டூசி குத்தி, நூலை அதைச் சுற்றிக் கொண்டுபோவது. கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் கொஞ்சம் பின்னிக்கொண்டிருந்தேன். பழைய அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, ஓரத் துளை வழியாக ஒரு நீள ஊசி செருகிச் சுவரில் தொங்கவிடுவேன்.

ஒருநாள் அந்தக் கட்டைத் தூக்கும்போது ஓர் அட்டை மட்டும் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அதன் ஓரத் துளை விளிம்புவரை கிழிந்திருந்தது. துளை முழுதாக இருக்கிற அட்டை ஊசியில் நிற்கிறது. துளை வாய் பிளந்த அட்டை நிற்காமல் விழுகிறது. அடுப்பில் அரிசி பொங்கி வழிந்தது. நான் அந்த அட்டையைத் திரும்பத் திரும்பச் செருகி விழவைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கெட்டி அட்டையில் ஒரே அளவாகச் சீட்டுகள் வெட்டி, ஒரு கட்டுப் பழைய ஓ.பி. சீட்டுகளை அவற்றில் பெயர்த்தெழுதினேன். நாலு ஓரத்திலும் வரிசையாகத் துளைகள். மேல் ஓரம் நோய்க்கு, வலது ஓரம் வயதுக்கு, கீழ் ஓரம் ஊருக்கு, இடது ஓரம் மருந்துக்கு. மலேரியா என்றால் மலேரியாத் துளையை மட்டும் விளிம்புவரை வெட்டித் திறந்துவிட வேண்டும். மற்றவை மூடியே இருக்கும். தலைகீழாகச் சீட்டு நுழைந்தால் தெரிய வேண்டும் என்று ஒரு மூலையைச் சாய்வாக வெட்டினேன். துளை போட பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வைத்திருப்பதுபோல் ஒரு துளைக்கத்தரி வாங்கினோம். நீளமான கம்பிதான் கிடைக்கவில்லை. அறை மூலையில் ஓர் ஒடிந்த குடை கிடந்தது. அதன் கம்பி சரியாக இருந்தது.

ஏசுவடியான் சார் வந்து பார்த்தார்.

"சாராளம்மா, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு லேஸ் வச்சுத் தைக்கப் போறியளா?"

"பாத்துட்டுச் சிரிங்க சார்."

"அது இருக்கட்டும். எனக்க குடையை யாரு பிரிச்சது?"

நான் சீட்டுக் கட்டை நிமிர்த்தி, மலேரியாத் துளையில் கம்பியைச் செருகித் தூக்கி உலுப்பினேன். மலேரியாச் சீட்டுகள் மொத்தமும் மேசையில் விழுந்தன. விழுந்ததை மட்டும் அடுக்கி, குழந்தைகள் துளையில் செருகித் தூக்கினேன். மலேரியா வந்த குழந்தைகள் விழுந்தார்கள். அதை அடுக்கி, கடற்கரை ஊர்த் துளையில் செருகினேன். கடற்கரையில் மலேரியா வந்த குழந்தைகள் என் உள்ளங்கையில் இருந்தார்கள்.

அவர் நம்பவில்லை. அந்தக் கட்டு முழுவதையும் தரையில் போட்டு, பெயர் வாசித்து, பழையபடி கூறு பிரித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் போகவில்லை. கடைசியில் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "அந்தக் கம்பிக்கும் ஒரு சம்பளம் போடச் சொல்லணும். ஆனா குடை எனக்கதாக்கும்" என்றார்.

கவுண்டரிலும் இந்த அட்டையிலேயே எழுதத் தொடங்கினார்கள். அந்த மாத ரிட்டர்ன் அடுத்த மாதம் பிறந்ததுமே போய்விட்டது. டாக்டர் கேள்வி கேட்பார். அவர் நாற்காலியில் உட்காரும் முன் பதில் விழும். சளிக்கும் புகையிலைக் கம்பெனிக்கும் சம்பந்தம் உண்டா, எந்த வயலோரத்தில் சிரங்கு அதிகம் என்று அவரும் வேண்டுமென்றே கேட்பார். எனக்கு ராஜ்ஜியம் பிடித்தது மாதிரி இருந்தது. வீட்டில் தங்கையாவிடம் அதையே பேசுவேன். "உனக்குக் கம்பியும் சீட்டும் போதும். நானும் பிள்ளையும் எதுக்கு?" என்று அவர் சிரிப்பார்.

எங்களுக்கு ஒரே மகள், கிரேஸ். அப்போது ஐந்து வயது.

3. தாணுவின் டின்

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் கம்பவுண்டர் தாணு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மருந்து டின். டாக்டர் அப்போது என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். தாணு டின்னை அவர் கையில் கொடுத்தார்.

சாண்டோனின் பொடி. குழந்தைகளுக்கு வயிற்றுப் பூச்சி விழுவதற்குக் கொடுப்பது.

"முன்னால வந்த டின்னெல்லாம் சர்க்கரை கலந்த பொடியாக்கும் சார். இது கலக்காத சரக்கு. லேபிள்ல சின்னதா எழுதியிருக்கு, இப்பந்தான் கண்டேன். திங்கக்கிழமை உடைச்சது. பழைய அளவிலேயே பொட்டலம் மடிச்சுக் குடுத்தாச்சு" என்றார் தாணு.

டாக்டர் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெரியவங்களுக்குத் தலைசுத்தும், வாந்தி வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும்" என்றார்.

எங்களுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சிப் பேதி கொடுப்பதென்றால் சனிக்கிழமை காலையில்தான். பள்ளிக்கூடம் கிடையாது, பிள்ளை வீட்டில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குத் தெளிந்துவிடும். வார நாளில் யாரும் கொடுக்க மாட்டார்கள். திங்களிலிருந்து வாங்கிப்போன பொட்டலங்கள் எல்லாம் இப்போது வீடுகளில் மாடத்திலோ பெட்டியிலோ இருக்கும். நாளைக் காலைக்குள் அவற்றைத் திரும்ப வாங்க வேண்டும். யாரிடம் இருக்கிறது?

பழைய நாளாக இருந்தால் அந்த வாரத்துச் சீட்டுகளைப் பிரித்து எடுக்கவே பொழுது சாய்ந்திருக்கும். அதன் பிறகு எந்த ஊருக்கு எப்போது போவது?

நான் அந்த வாரக் கட்டை எடுத்தேன். பூச்சிமருந்துத் துளையில் கம்பி. விழுந்தன. பத்து வயதுக்குக் கீழே. விழுந்தன. கிழக்கு, கடற்கரை, மேற்கு என்று மூன்று கூறு. தாணு நெற்றி வேர்வையைத் துடைத்து முடிக்கும் முன் வேலை முடிந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் என் கை பறந்தது, மனது துள்ளியது. இதற்காகத்தான் இதைச் செய்தோம் என்று தோன்றியது.

கிழக்கே தாணு ஜட்கா வண்டி பிடித்துப் போவது, கடற்கரைக்கு பியூன் வறுவேல் சைக்கிளில், மேற்கே டாக்டரின் கார். சீட்டுகளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நான் எழுந்தேன். ஏசுவடியான் சார் தடுத்தார்.

"நில்லுங்க. பேரை ஒருதடவை வாசிச்சிருவோம்."

"நேரமில்ல சார்."

"கம்பி நேரம் மிச்சம்பிடிச்சுத் தந்திருக்குல்லா? இருங்க."

கடற்கரைக் கூறை வாசித்தார். கிழக்குக் கூறை வாசித்தார். மேற்குக் கூறில் பாதியில் வந்தபோது, "கிரேஸ், அஞ்சு வயசு, தகப்பன் தங்கையா வாத்தியார், அருமனை" என்று வாசித்து, அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை மகளுக்கு வயிற்றுவலி என்று தங்கையா ஓ.பி.யில் காட்டியிருந்தார். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வரிசையில் நின்று காட்டிவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் என்னிடம், "டாக்டர் பாத்தாரு, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். பொட்டலத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சீட்டு எங்கள் அறைக்கு வந்து, துளைகள் வெட்டப்பட்டு, கட்டில் சேர்ந்திருக்கிறது. துளை வெட்டும்போது எங்கள் கண் நோயையும் வயதையும் பார்க்கும். பெயரைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

"பிள்ளை வீட்டுலதானே?" என்று டாக்டர் கேட்டார்.

வீட்டில் இல்லை. அன்று காலை முதல் பஸ்ஸில் தங்கையா லீவு போட்டுவிட்டு அவளை அருமனையில் தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆலயத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை. நான் மறுநாள் போவதாக இருந்தது.

"வாங்க" என்றார் டாக்டர். "நாளைக் காலைக்கு இன்னும் நேரமிருக்கு."

4. மேற்கே போகிற ரோடு

மேற்குக் கூறில் கிரேஸ் மட்டும் இல்லை. வழியில் ஓர் ஊருக்கு மூன்று சீட்டுகள் இருந்தன. அங்கே காரை நிறுத்தி, சீட்டில் இருந்த பெயர்களை விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆலயத்துப் பக்கம் இருந்த, அந்தச் சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வந்து சீட்டைப் பார்த்தார்.

"இவிய குடிமாறிப் போயி ரொம்ப நாளாச்சே. ஆத்துக்கு அக்கரையில கிடக்கிறாவ."

"சீட்டுல இந்த ஊருன்னு எழுதியிருக்கே" என்றேன்.

"உனக்க ஊரு எதுன்னு கேட்டா என்ன சொல்லுவான் அம்மா? ஞானஸ்நானம் எடுத்த சபையைத்தான் சொல்லுவான். ராத்திரி தலைசாய்க்கிற இடத்தையா சொல்லுவான்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் கீழ் ஓரத் துளைகள் முழுவதும் அப்படித்தான். தங்கையாவும் கவுண்டரில் "அருமனை" என்றுதான் சொல்லியிருக்கிறார். குடியிருப்பதோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். அந்தத் துளை தப்பாக வெட்டியது. அன்று ஒருநாள் மட்டும் தற்செயலாகச் சரியாகிப்போனது. மற்றப் பிள்ளைகளுக்கு?

"உங்க சபை ஆட்கள் எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று டாக்டர் உபதேசியாரைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாம யாரும் எங்கயும் போவ முடியாதாக்கும்."

அவரே போய் மணிக்கயிற்றைப் பிடித்து அடித்தார். நேரங்கெட்ட நேரத்து மணி என்றால் சாவு. வயலிலிருந்தும் தென்னை விளைகளிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். "யாரு போனது? யாரு போனது?" டாக்டர் படிக்கட்டில் ஏறி விஷயத்தைச் சொன்னார். ஆற்றுக்கு அக்கரைக்கு இரண்டு பேர் ஓடினார்கள். அந்த வாரம் பொட்டலம் வாங்கிய ஒரு பெண் கூட்டத்தில் இருந்தாள். வேறு சபைப் பெயரைச் சொல்லி வேறு கூறில் போயிருந்தவள் அவள். வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து டாக்டர் கையில் வைத்தாள்.

"மருந்தைத் திருப்பிக் கேக்கிய. வரிசையில நின்ன காலுவலியை யாருக்கிட்ட திருப்பிக் கேக்கியது?"

"எங்கிட்ட கேளுங்க அம்மா" என்றார் டாக்டர்.

அங்கிருந்தே உபதேசியாரின் தம்பி சைக்கிளில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். வீடுவீடாகத் தேடாமல் ஆலயம், கோயில், அய்யாவழித் தாங்கல் எங்கே என்று கேட்டு அங்கே போய்ச் சொல்ல ஆள் அனுப்பும்படி ஏசுவடியான் சாருக்குச் செய்தி. வறுவேல் கடற்கரையில் ஏற்கெனவே அதைத்தான் செய்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. அவன் கடற்கரைக்காரன். கோயில் மணி அடித்தால் ஊர் கூடும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குழித்துறை தாண்டும்போது வெயில் சாய்ந்திருந்தது. நாளைக் காலைதானே என்று டாக்டர் வழியில் இரண்டு முறை சொன்னார். நானும் அதையே சொல்லிக்கொண்டேன்.

அருமனையில் வீட்டு முற்றத்தில் அக்கா, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, பண்டிகைக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் உலக்கையைச் சாத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"நாளைக்கு வருவேன்னு சொன்னியே, என்னட்டி கார்ல வந்து எறங்குகா?"

"அக்கா, பிள்ளைக்குப் பொட்டலம் ஒண்ணு கொண்டுவந்தாரா?"

"அதைக் குடுத்தாச்சே. சனிக்கிழமை குடுத்தா ஞாயித்துக்கிழமை பிள்ளை பலகாரம் தின்ன முடியாம நோஞ்சு கிடக்கும். அதான் இண்ணைக்கே கருப்பட்டியில குழைச்சுக் குடுத்தேன். பாதியைத் துப்பிப்போட்டா உனக்க மவ, அந்த முற்றத்தைப் பாரு."

கிரேஸ் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள். சுகமாகத்தான் தெரிந்தாள். அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் எப்போதும் உடுத்துகிற வெள்ளைச் சேலைதான் அன்றும்.

"அம்மா, நீ எதுக்கு மஞ்சச் சேல கெட்டியிருக்கே?" என்றாள்.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் பையைத் திறந்துகொண்டிருந்தார். அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால் முதலில் பார்வை மஞ்சளாகும் என்று அவர் எனக்குச் சொன்னது பிற்பாடு. உப்புத்தண்ணீர் கேட்டார். உள்ளேயிருந்து ஓடிவந்த தங்கையா பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையைப் பிடித்தேன். வாந்தி எடுக்க வைத்தார், மறுபடி எடுக்க வைத்தார். அவள் அழுது, டாக்டரின் கையைக் கடித்தாள். "கடிக்கட்டும், தெம்பிருக்கு" என்றார் அவர். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, "நான் நல்லதுக்குத்தானே குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உண்மை அதுதான். பிள்ளை துப்பாமல் இருந்திருந்தால், நாங்கள் மறுநாள் காலை என்று நிதானமாக வந்திருந்தால், என்று நான் யோசிக்கத் தொடங்கினால் இப்போதும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் என் சேலைத் தலைப்பை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "இது என்ன நிறம் மக்கா?" என்று கேட்டேன்.

"வெள்ள" என்றாள். "அதுகூடத் தெரியாதா?"

5. இப்போது எப்படிச் செய்கிறோம்

கிரேஸுக்குப் போனது தவிர, குழந்தைகளுக்குப் போன பொட்டலங்கள் எல்லாம் திரும்பின. பெரியவர்கள் சிலர் விழுங்கிவிட்டு வாந்தி எடுத்தார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. திங்கட்கிழமை டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டார். கம்பி வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்ததாக அவர் பிறகு சொன்னார். நான் அப்படி நினைக்கவே இல்லை. தரையில் கூறு போட்டிருந்தால் அந்தச் சனிக்கிழமை காலை எத்தனை வீட்டில் பொட்டலம் பிரித்திருப்பார்கள்?

கவுண்டரில் கேள்வியை மாற்றினோம். "உங்க ஊரு எது?" என்று கேட்பது போய், "இண்ணைக்கு ராத்திரி பிள்ளை எங்க கிடக்கும்?" என்று கேட்கிறோம். முதலில் ஆட்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், "ஏன், களவுக்கு வரப்போறியளா?" என்று கேட்டார். இப்போது பழகிவிட்டது.

இரண்டாவது, கம்பியிலிருந்து விழுந்த சீட்டுகளை யாருக்கும் கொடுக்கும் முன் ஒருவர் பெயரை உரக்க வாசிக்க வேண்டும். அறையில் இருக்கிற எல்லாரும் கேட்க வேண்டும். ஏசுவடியான் சார்தான் வாசிப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற யாராவது ஒருவர், "அது எனக்க சித்திக்க மவன்லா, அவன் இப்ப தேங்காய்ப்பட்டணத்துல இல்ல" என்பார். அப்படி யாராவது சொல்லாத கட்டு அபூர்வம்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்த வாசிப்பு சலிப்பாக இருக்கிறது. கம்பி இவ்வளவு வேகமாகப் பிரித்துத் தந்த பிறகு, பழையபடி உட்கார்ந்து பெயர் வாசிக்கிறீர்களே, மிச்சம்பிடித்த நேரம் வீண்தானே என்று கேட்கிறார்கள். வாசிப்பதற்காகத்தான் அந்த நேரத்தை மிச்சம்பிடித்தோம் என்று நான் சொல்லிவிட்டு, அடுத்த கட்டில் கம்பியைச் செருகுகிறேன்.